இருபது தலை இராவணன்

ஆண்டுக்கு இரண்டு முறை எனக்குப் பழைய தொலைக்காட்சி ஞாபகம் வந்தாக வேண்டும். ஆகஸ்ட் 15 என்றால் 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய நாள். செப்டம்பர் 15 என்றால் 1959இல் டெல்லியில் தூர்தர்ஷன் பிறந்த நாள். சினிமாவையும் சின்னத்திரையையும் எழுதிச் சாப்பிடுகிறவனுக்கு இந்த இரண்டு தேதிகளிலிருந்தும் தப்ப வழி கிடையாது. ஒரு வாரம் முன்பே அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். "அண்ணே, ஒளியும் ஒலியும், எதிரொலி, வயலும் வாழ்வும், தடங்கலுக்கு வருந்துகிறோம், ஷோபனா ரவி, எல்லாத்தையும் போட்டு ஒரு ஆயிரம் வார்த்தை. கடைசிப் பாராவுல ஊரே ஒரு வீட்ல கூடி ராமாயணம் பார்த்ததை வெச்சு முடிச்சிருங்க." நானும் எழுதிக் கொடுப்பேன். வாசகர்கள் தங்கள் பங்குக்குச் சாலிடர், டயனோரா, கதவு வைத்த மரப்பெட்டி, ஓட்டின் மேல் ஆன்டெனா என்று உருகிக் கடிதம் போடுவார்கள். எல்லோருக்கும் திருப்தி.

எனக்கு மட்டும் அந்தக் கடைசிப் பாரா தொண்டையில் நிற்கும். ஊரே கூடி என்றால் எந்த ஊர்? யார் வீட்டில்? யார் எங்கே உட்கார்ந்து? மலரும் நினைவுக் கட்டுரையில் இதையெல்லாம் கேட்கக்கூடாது. அதில் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தாக வேண்டும், அதுதான் அந்தச் சரக்கின் விதி. 2025இல் சென்னைத் தொலைக்காட்சிக்கு ஐம்பது வயது நிறைந்தது. வழக்கமான ஆயிரம் வார்த்தை இரண்டாயிரம் ஆனது. அந்த வேலை கையில் இருந்தபோது ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் வயதான ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து நான் மனதுக்குள் நடத்திக்கொண்டிருந்த வழக்கில் புதிதாக ஒரு சாட்சி வந்து நின்றதுபோல் ஆகிவிட்டது.

கோபுரம் மேலே, நாங்கள் கீழே

என் ஊர் பழனி மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவே ஒரு காப்பித் தோட்டம். அப்பா, அம்மா இருவருக்கும் தோட்டத்தில்தான் வேலை. தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருப்பு. கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் பழம் பறிப்பு, மற்ற மாதங்களில் களை, கவாத்து, மிளகு. சுற்றிலும் மலைவாழையும் ஆரஞ்சும் சில்வர் ஓக்கும். வத்தலக்குண்டிலிருந்து வரும் பஸ்ஸில் முதல்நாள் பேப்பர் மறுநாள் வந்து சேரும் இடம்.

எண்பதுகளில் கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி டிரான்ஸ்மிட்டர் வந்தது. மதுரை, திண்டுக்கல், தேனி என்று தெற்குச் சமவெளி முழுக்க ஆன்டெனாக்கள் கொடைக்கானலைப் பார்த்துத் திரும்பி நின்ற காலம் அது. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். எவ்வளவு உயரத்திலிருந்து அனுப்புகிறோமோ அவ்வளவு தூரம் போகும். கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் நின்றால், கணக்குப்படி சமவெளியில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வரைக்கும் அதன் பார்வை எட்டும். அதாவது கோபுரத்தைக் கண்ணால் பார்த்தே இராத ஊர்க்காரர்களுக்குப் படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அதே மலையில், அதே மழையில் நனைந்துகொண்டிருந்த எங்களுக்கு நடுவில் ஒரு முகடு குறுக்கே நின்றது. விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

இருட்டு என்றாலும் முழு இருட்டு இல்லை. நேராக வர முடியாத அலை எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வரும். இந்தச் சரிவிலிருந்து ஒன்று, அந்தப் பாறையிலிருந்து ஒன்று என்று இரண்டு மூன்று வழியாக ஒரே படம் வந்து சேரும். பல வருடம் கழித்து, டிரான்ஸ்மிட்டர் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் எனக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். 300 மீட்டர் சுற்றிக்கொண்டு வரும் அலை ஒரு மைக்ரோ விநாடி தாமதமாக வருகிறது. திரையில் ஒரு கோடு வரைய ஆகும் நேரத்தோடு வைத்துப் பார்த்தால், 20 அங்குலப் பெட்டியில் அந்தத் தாமதம் முக்கால் சென்டிமீட்டர். முதல் படத்துக்கு வலது பக்கத்தில் முக்கால் சென்டிமீட்டர் தள்ளி மங்கலாக இன்னொரு படம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கோஸ்ட், பேய். எங்கள் தோட்டத்தில் ராமருக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொரு ராமர் நிற்பார். சீதைக்கு ஒரு நிழல் சீதை. இராவணன் பத்துத் தலையோடு வந்த காட்சியில் நான் எண்ணிப் பார்த்தேன், இருபது. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

காற்றுக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறும், கரண்ட் போகும். அது போனால் இரண்டு நாள் கழித்து வரும். அந்த வார ராமாயணம் அவ்வளவுதான், மறுஒளிபரப்பு என்ற பேச்சே கிடையாது. சரி, இதெல்லாம் எல்லோரும் எழுதியதுதான்.

யார் எங்கே

பெட்டி இருந்தது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வீட்டில். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு எழுதுவதும் வாரக்கூலி கொடுப்பதும் அவர். மேனேஜர் பங்களாவுக்கு அடுத்தபடி கெட்டிச் சுவர் வைத்த வீடு அது. ராமாயணம் 1987 ஜனவரி 25ஆம் தேதி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜனவரி 25 தமிழ்நாட்டில் மொழிப்போர் தியாகிகள் நாள். 1965இல் இந்தித் திணிப்புக்கு எதிரான கிளர்ச்சி மதுரையில் வெடித்த தேதி. தொடர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, 1986 கடைசியில்கூட இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கருணாநிதி சிறைக்குப் போயிருந்தார். ஊர் ஊராக வீரவணக்கக் கூட்டம் நடக்கிற அதே நாள் காலையில் தொடரை எடுத்த ராமானந்த் சாகரின் ராமன் இந்தியில் பேசிக்கொண்டு நம் வீடுகளுக்குள் வந்தான். ஒருவரும் கல் எறியவில்லை. வில்லோடு வந்தவனிடம் மொழி கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

கணக்குப்பிள்ளை வீட்டு ஹாலில் நாலு மர நாற்காலி. அவர், போஸ்ட் மாஸ்டர், பள்ளிக்கூடத்து வாத்தியார், பக்கத்துத் தோட்டத்து ரைட்டர். அவர்களுடைய வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஜமுக்காளத்தில். மேஸ்திரி வாசல்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து உட்கார்ந்திருப்பார். அது அவருடைய பதவியின் சரியான படம். லைன் வீட்டுப் பிள்ளைகளான எங்களுக்கு ஜன்னல். யாரும் வெளியே நில்லுங்கள் என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த வீட்டுக்குள் யார் வரலாம், எதுவரை வரலாம் என்பது டிவி வாங்குவதற்குப் பல தலைமுறை முன்பே முடிவாகியிருந்தது. டிவி வந்ததில் அது ஊருக்கே பளிச்சென்று தெரிந்தது, அவ்வளவுதான்.

ஜன்னலிலும் ஒரு வரிசை இருந்தது. உயரமான பையன்கள் பின்னால் நின்று தலைக்கு மேல் பார்ப்பார்கள். சின்னவர்கள் விறகுக்கட்டையைப் போட்டு ஏறி நிற்போம். கம்பியைப் பிடித்த கை விறைத்துப்போகும். தூறல் விழுந்தால் கூரை விளிம்புத் தண்ணீர் முதுகில் இறங்கும். பெண்பிள்ளைகள் அங்கேயும் குறைவு. என் அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு லைன் வாசலில் நிற்பாள், நான் ஓடிவந்து கதை சொல்லக் காத்திருப்பாள். காட்டோரப் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளையும் அங்கு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஜன்னல்கூட அவர்களுக்கு உள்ளே என்று பட்டிருக்கும்.

இன்னொரு விஷயம், அந்த ஹாலில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. நாற்காலிக்காரர்களுக்கும் தெரியாது. ஆனாலும் கதை புரிந்தது, ஏனென்றால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் தமிழில் சொல்லிக்கொண்டே வரும். கணக்குப்பிள்ளை வீட்டம்மாவின் குரல். "பரதன் பாதுகையைக் கேக்குறான்." "அனுமார்கிட்ட மோதிரத்தைக் குடுக்குறார்." "இது ஒண்ணுமில்ல, சும்மா பாட்டு." தோசைக்கல்லில் மாவு விழும் சத்தத்துக்கு நடுவே அது வரும். எனக்கு அப்போது வயது எட்டோ ஒன்பதோ. அந்தக் குரலும் டிவியின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன். வருணனை மாதிரி, தூர்தர்ஷன் எங்கள் ஊருக்கென்று தனியாக ஏற்பாடு செய்த மாதிரி.

படித்து, சென்னைக்கு வந்து, எழுத ஆரம்பித்த பிறகு அந்த ஜன்னல் எனக்குள் பெரிதாகிக்கொண்டே போனது. அலுவலகத்தில் நண்பர்கள் பழைய டிவிக் கதை எடுத்தால் நான் டீ குடிக்க எழுந்துவிடுவேன். எல்லோருடைய கதையிலும் பெட்டி அவர்கள் வீட்டில் இருந்தது, அல்லது மாமா வீட்டில். "அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் எங்க வீட்லதான் கிடக்கும்" என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும்போது, அந்த அக்கம்பக்கத்து ஜனம் நான்தானே என்று தோன்றும். வந்தவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பதையும் வீட்டுக்காரர்களே எழுதிவிடுகிறார்கள். பழைய தொலைக்காட்சி பற்றி அச்சில் இருப்பதில் பாதிக்கு மேல் நாற்காலியிலிருந்து எழுதியதுதான் என்பது என் கருத்து. இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பந்தி முடிந்தபின்

காதுகுத்து பண்ணைக்காட்டில். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரை அத்தை கைகாட்டினாள். கணக்குப்பிள்ளை வீட்டம்மா. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தோட்டம் பல கை மாறிவிட்டது, பண்ணைக்காட்டில் மகனோடு இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"உங்கம்மா சாடை அப்படியே இருக்குப்பா. பத்திரிகையில எழுதுறியாமே?"

ஆமாம் என்றேன். சென்னைத் தொலைக்காட்சியின் பொன்விழாவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்கள் வீட்டில் ராமாயணம் பார்த்ததைத்தான் எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்சம் முள் வைத்துத்தான் சொன்னேன். ஜன்னல் என்ற வார்த்தையை மட்டும் எடுக்கவில்லை, அவர் எடுக்கிறாரா பார்ப்போம் என்று. "அந்த ஞாயித்துக்கிழமைங்க உங்களுக்கு எப்படி இருந்துச்சும்மா?" என்று பேட்டிக்காரன் கேள்வி ஒன்றைக் கேட்டேன்.

"நான் எங்கப்பா பார்த்தேன்? கேட்டேன்."

அப்புறம் அவரே சொன்னார். ஒன்பதரை என்பது சரியாகப் பலகார நேரம். வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோசை போக வேண்டும், காப்பி போக வேண்டும், அதுவும் சூடாக. சமையல்கட்டிலிருந்து ஹாலுக்கு ஒரு நிலைவாசல் உண்டு. அதில் மாமியார் உட்கார்ந்திருப்பார். "அவங்களைத் தாண்டிட்டு வந்து ஆம்பளைங்க முன்னாடி உக்கார முடியுமா? தட்டை நீட்டினா அவங்க வாங்கி உள்ளே குடுப்பாங்க. எனக்குத் தெரிஞ்சது அவங்க முதுகுதான்." ராமாயணம் முடிந்து மகாபாரதம் வந்தபோதும் அதே நிலைவாசல், அதே முதுகு. 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை 94 பாகம். ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை என்றார்.

"இந்தி எப்படித் தெரியும்?" என்றேன். பிறந்தது மதுரை. பள்ளிக்கூடம் படிக்கும்போதே பக்கத்துத் தெருவில் இந்தி பிரசார சபைப் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிராத்மிக் முடித்து மத்யமாவும் தேறியிருக்கிறார். ராஷ்ட்ரபாஷாவுக்குப் பணம் கட்டப் போகும் சமயத்தில் 1965 வந்தது. கடை அடைப்பு, துப்பாக்கிச் சூடு, ஊர் முழுக்கத் தார்ச்சட்டி. அவருடைய அப்பா புத்தகங்களைப் பரணில் போட்டுவிட்டார். "இருபது வருசம் கழிச்சு அந்த இந்தி தோசை சுடும்போதுதான் உதவிச்சு."

எனக்கு உண்மையிலேயே கொஞ்ச நேரம் ஒன்றும் பேச வரவில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தோசைக்கல் சத்தம் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலுக்குப் படம் தெரியாது என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. "அப்போ யார் என்ன பண்றாங்கன்னு எப்படிம்மா சொன்னீங்க?" என்றேன்.

"வசனத்தைக் கேட்டாத் தெரியாதா? தெரியாதது உங்கம்மா சொல்லுவா, மறுநாள்."

அம்மா அந்த வீட்டில் காலையில் தோட்டத்துக்குப் போகுமுன் பாத்திரம் தேய்ப்பாள். திங்கட்கிழமை பின்வாசல் கல்லில் அம்மா தேய்க்க, படியில் உட்கார்ந்து இவர் கேட்பாராம். ஞாயிறு சாயங்காலம் நான் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடித்துக் காட்டியதெல்லாம் அப்படியே பின்வாசல் வழியாக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. பட்டாபிஷேகத்தில் ராமர் என்ன கலரில் உடுத்தியிருந்தார் என்று இவர் கேட்டதற்கு, "அம்மா, உங்க டிவியே கறுப்பு வெள்ளை" என்று அம்மா சிரித்தாளாம். "இராவணனுக்கு இருபது தலைன்னு நீதான் சொன்னியாம். வடக்கே அப்படித்தான் போலன்னு நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

யோசித்துப் பார்த்தால் வினோதமான ஏற்பாடு. நாற்காலியில் இருந்தவர்களுக்குப் படம் இருந்தது, பொருள் இல்லை. பொருள் சமையல்கட்டிலிருந்து வந்தது. சமையல்கட்டுக்குப் படம் ஜன்னலிலிருந்து போனது, ஒருநாள் தாமதமாக, என் கைச்சரக்கும் கலந்து. வீட்டு எஜமானி ராமாயணம் பார்த்தது என் கண்ணால். நான் ராமாயணம் கேட்டது அவர் காதால். நாங்கள் இருவரும் அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதே கிடையாது.

இதை வைத்துக்கொண்டு, ஆகா, அவரும் என்னைப் போலத்தான் என்று எழுதிவிடலாம். எழுத மாட்டேன். அவர் தன் வீட்டுச் சுவருக்கு உள்ளே அடுப்புச் சூட்டில் நின்றார், நான் தூறலில் நின்றேன். மழை வந்தால் என்னை உள்ளே கூப்பிட அவராலும் முடியவில்லை, அல்லது தோன்றவில்லை. எது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதுவரை என் மனதில் அந்த வீட்டுக்கு உள்ளே, வெளியே என்று இரண்டே இடங்கள்தான் இருந்தன. ஒரு நிலைவாசலும் ஒரு முதுகும் அதில் இல்லை. "ஊரே கூடி" என்று எழுதுகிறவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கும் அந்த ஹாலின் வரைபடம் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

மறுஒளிபரப்பும் இலவசமும்

2020 மார்ச் 28ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய வாரத்திலேயே, தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி போட்டது. காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. கூடவே மகாபாரதமும் வேறொரு சானலில் வந்தது. பத்திரிகைகள் எல்லாம் "திரும்பி வந்த பொற்காலம்" என்று எழுதின, நானும் அதே தினுசில்தான் எழுதினேன். அந்தச் சமயத்தில் கணக்குப்பிள்ளை வீட்டம்மா திண்டுக்கல்லில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மாமியார் இல்லை, நிலைவாசல் இல்லை, எழுபது வயதுக்கு மேல் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து முதல்முதலாக ராமாயணம் பார்த்திருக்கிறார். நாடே பழைய நினைவில் மூழ்கியிருக்க, இவருக்கு அது புதுப்படம். எப்படி இருந்தது என்று ஆவலாகக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். "அம்பும் அம்பும் நடுவானத்துல மோதிக்கிட்டே நிக்குது. கிரீடமெல்லாம் அட்டையா இருக்கு. காதுல கேட்டப்போ பெருசா இருந்துச்சுப்பா." ராமராக நடித்த அருண் கோவிலின் குரலை அத்தனை வருடம் அடையாளம் வைத்திருந்தவருக்கு, அந்த முகம் பொருந்தவே இல்லையாம். பழைய தொடர்களை மறுபடி போட்டால் மவுசு இருக்குமா என்று இப்போது ஓடிடிக்காரர்கள் என்னிடம் கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்கிறேன்.

லைன் வீட்டுக்காரர்களுக்கு டிவி எப்போது வந்தது என்று ஒருவரும் பொன்விழா மலர் போடுவதில்லை. எங்கள் பக்கம் அது பெரும்பாலும் 2006க்குப் பிறகுதான். நான் வருடாவருடம் கட்டுரை எழுதுகிற அதே செப்டம்பர் 15இல், அண்ணா பிறந்தநாள் என்று, தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்க ஆரம்பித்தது. 14 அங்குலப் பெட்டி. ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். ஓட்டுக்கு டிவியா என்று நகரத்தில் கிண்டல் செய்தார்கள், உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. அரசாங்கப் பணத்தை அதில் போட்டிருக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான், நானே பலமுறை அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் அம்மா வீட்டுக்குப் பெட்டி வந்த பிறகு ஒருமுறை ஊருக்குப் போனபோது, அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிடிக்காத சீரியலை மாற்றினாள். பிடிக்காததை மாற்றுவது என்ற ஒன்று எங்கள் வீட்டில் அதற்கு முன் எந்த விஷயத்திலும் நடந்ததில்லை. தூர்தர்ஷனின் பொற்காலம் என்கிறோமே, எங்கள் லைனில் அது தனியார் சானலோடும் கேபிள் கம்பியோடும் வந்தது.

இப்போது அந்தப் பெட்டிகளும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அனலாக் ஒளிபரப்பைப் பிரசார் பாரதி 2022 வாக்கில் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது. ஆன்டெனாவைத் திருப்ப எந்தத் திசையும் இல்லை. பொதிகை 2024இல் டிடி தமிழ் ஆகிவிட்டது. அம்மாவுக்கு இதில் ஒரு வருத்தமும் கிடையாது. அவளுக்குக் கோடை பண்பலை 100.5 வந்தால் போதும், கையில் வேலை இருக்கும்போது கேட்கலாம்.

பொன்விழாக் கட்டுரையில் அந்தச் சமையல்கட்டை எழுதிக் கொடுத்தேன். "கிச்சன் மேட்டர் நல்லாருக்குண்ணே, ஆனா படிக்கிறவங்களுக்கு அந்த ஃபீல் வரணுமில்ல" என்று சொல்லிவிட்டு அதை எடுத்துவிட்டார்கள். கடைசிப் பாராவில் ஊர் கூடிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதுமுன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கணக்குப்பிள்ளை வீட்டம்மாவைப் பார்த்ததைச் சொன்னேன். பின்வாசல் கதை நடந்ததுதானா என்று கேட்டேன்.

"ஆமா, கதை கேக்காம விடாது. ஆனா அந்தம்மா சொன்ன இந்தியில பாதி அதுவா சேர்த்துக்கிட்டது. கைகேயிக்கு அம்புட்டுப் பரிஞ்சு பேசும். அந்தப் படத்துல அப்படியா வந்திருக்கும்? நான் சண்டையே போட்டிருக்கேன், பெத்த புள்ளையைப் பார்த்தவ மத்த புள்ளையைக் காட்டுக்கு அனுப்பலாமான்னு. ஒத்துக்கவே ஒத்துக்காது."

நான் சிரித்தேன். நல்ல மனுஷிதான் இல்லையா என்றேன்.

"நல்ல மனுசிதான். பாத்திரம் தேய்ச்சதுக்கு மூணு மாசக் காசு இன்னும் பாக்கி. எழுதுறதுன்னா அதையும் சேர்த்து எழுது."